நாயின் கண்ணுக்குப் பின்னே



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். நாயின் கண்ணுக்குப் பின்புறத்தில் அரிதாகத் தோன்றும் கட்டிகளைக் கால்நடை மருத்துவர்கள் எவ்வாறு கண்டறிகிறார்கள் என்பதே அப்பொருள். நான் மருத்துவன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது எங்கள் வீட்டு நாய். அதற்கு நான் கொடுத்த கட்டணம் சிறியதன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருநாவலூர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே உள்ளது. சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் என்பதால் நாடறிந்த ஊர். அவர் இரு கண்களின் ஒளியையும் இழந்து, பின்னர் இடக்கண்ணைக் காஞ்சியிலும் வலக்கண்ணைத் திருவாரூரிலும் பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். அதனாலோ என்னவோ, எங்கள் ஊரில் கண் நோவு என்றால் அனைவருக்கும் தனிப் பரிவு உண்டு. ஒருவர் கண்ணைக் கசக்கினால் பத்துப் பேர் பத்து மருந்து சொல்லுவார்கள். எங்கள் நாய்க்கும் சொன்னார்கள். அங்கேதான் என் கதை தொடங்குகிறது.

நாயின் பெயர் மணி. பள்ளிக்கூடத்து வாயிலில் குட்டியாக வந்து சேர்ந்து, சத்துணவுச் சோற்றில் வளர்ந்தது. நண்பகல் மணி அடித்தவுடன் எங்கிருந்தாலும் ஓடி வந்து நிற்கும். ஆகையால் பிள்ளைகள் இட்ட பெயர் அது. செம்மண் நிறமுடைய நாட்டு நாய். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை, மாலையும் சால்வையுமாக வீடு திரும்பியபோது, எவரும் அழைக்காமலே என் பின்னே வந்து திண்ணையில் படுத்துக்கொண்டது. அன்று முதல் எங்கள் வீட்டில் ஓர் ஆளாகிவிட்டது.

அதற்கு ஒன்பது வயது நடக்கும்போது, ஒரு தை மாதக் காலையில், அதன் இடக்கண்ணின் உள்மூலையில் வெளிறிய தோல் ஒன்று ஏறியிருக்கக் கண்டேன். கண்ணும் சற்றுப் பெரிதாக இருப்பதுபோல் தோன்றியது. எவனோ கல்லால் அடித்திருக்கிறான் என்று அக்கணமே முடிவு செய்தேன். அண்டை வீட்டாரும் அதையே சொன்னார்கள். நந்தியாவட்டைப் பூவின் சாற்றைப் பிழிந்து விடச் சொன்னார்கள், விட்டேன். அடிபட்ட கண் தானே ஆறும் என்றார்கள், காத்திருந்தேன். மணி வழக்கம்போல் உண்டது, உறங்கியது, தெருவில் போகும் ஆட்டைக் கண்டால் குரைத்தது. வலி இருப்பதாகவே காட்டவில்லை. வலி இல்லையே, ஆகையால் கவலையில்லை என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். இவ்வாறு பதினாறு நாட்கள் கழிந்தன.

பதினேழாம் நாள் விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு மாணவி. நாய்க்குச் சோறு வைத்துவிட்டு, அது குனிந்து உண்ணும்போது அதன் தலைக்கு நேர் மேலே நின்று பார்த்தாள்.

"தாத்தா, மணியின் கண் பெரிதாகவில்லை. முன்னே வந்திருக்கிறது. இப்படி மேலே நின்று பாருங்கள்" என்றாள்.

நின்று பார்த்தேன். வலக்கண் நெற்றி எலும்பின் ஓரத்தோடு ஒட்டி இருந்தது. இடக்கண்ணோ ஒரு நெல்மணி நீளம் முன்தள்ளி இருந்தது. முகத்துக்கு நேரே எத்தனையோ முறை பார்த்தும் எனக்குப் புலப்படாதது, மேலிருந்து ஒருமுறை பார்த்ததும் தெளிவாகத் தெரிந்தது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதன்முதலாகச் சொல்லித் தந்தது, பொருளை முதலில் காட்டு, பெயரைப் பிறகு சொல் என்பது. நான் முதல் நாளே அடிபட்ட கண் என்று பெயரைச் சொல்லிவிட்டேன், பொருளைப் பார்க்கவில்லை.

கண் பெரிதாவதும் கண் முன்தள்ளுவதும் இரு வேறு செய்திகள், மாணவர்களே. கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் ஏறினால் கண்ணே பருத்துவிடும். கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலத்தின் அகலமும் கூடிவிடும். அது கண்ணழுத்த நோய். கண் தன் அளவில் மாறாமல் முன்னே வந்தால், பின்னாலிருந்து ஏதோ ஒன்று தள்ளுகிறது என்று பொருள். முன்னதற்குக் கண்ணுக்குள் தேட வேண்டும். பின்னதற்குக் கண்ணுக்குப் பின்னே தேட வேண்டும். இதில் பிழைத்தால் மருத்துவம் முழுவதும் பிழையாகும். நம் நாட்டு நாய்களின் நீண்ட முகத்தில் கண் குழிக்குள் நன்கு அமர்ந்திருப்பதால் இவ்வேறுபாட்டை மேலிருந்து எளிதில் காணலாம். இப்போது நகரங்களில் வளர்க்கும் தட்டை முக நாய்களுக்குக் கண் இயல்பாகவே வெளியே நிற்கும். அவற்றில் காண்பது கடினம்.

அன்றே எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு மணியைக் கொண்டுசென்றோம். அங்கிருந்த மருத்துவர் இளைஞர். கண்ணைத் தொடுவதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி, வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பது. ஆண்டுதோறும் போட்ட சீட்டைக் காட்டினேன். இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சொல். தெரு நாயின் வாயைத் திறந்து பார்ப்பதோ, முகத்தில் கை வைப்பதோ மாணவர்கள் செய்யத் தக்க செயல் அன்று. வாய் மூட முடியாமல் எச்சில் ஒழுகும் நாய்க்கு எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் கை விடுவோர் உண்டு; அது வெறிநோயாகவும் இருக்கலாம். அந்நோய் மனிதனுக்கு வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. தொலைவில் நின்று பார்ப்பது மட்டுமே உங்கள் வேலை. பார்ப்பதிலேயே நிறையக் கற்கலாம்.

மருத்துவர் பார்த்த முறையைச் சொல்கிறேன். மணியின் இமைகளை மூடச் செய்து, இரு பெருவிரல்களால் இரு கண்களையும் மென்மையாக உள்நோக்கி அழுத்தினார். வலக்கண் பஞ்சணைபோல் உள்ளே சென்று திரும்பியது. இடக்கண் அசையவில்லை. பின்னே இடமில்லை என்பது அதனால் தெரிந்தது. அடுத்து வாயை மெல்லத் திறந்தார். மணி முனகாமல் திறந்து காட்டியது. அதைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு மாறுதலைக் கண்டேன். வலி இல்லாததைக் கண்டு அவர் மகிழ்வார் என்று எண்ணியிருந்தேன், அவர் மகிழவில்லை.

அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள நாயின் கண்குழி எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். மனிதனின் கண்குழி, சுற்றிலும் எலும்பால் ஆன கிண்ணம். நாயின் கண்குழி அவ்வாறு முழுமையானதன்று. வெளிப்புற ஓரத்தில் எலும்பு இல்லை. ஒரு நார்ப்பட்டை மட்டுமே அந்த இடைவெளியைக் கட்டியிருக்கிறது. அடித்தளத்திலும் பெரும்பகுதி எலும்பு இல்லை, தசையும் கொழுப்பும்தான். மேல்வரிசைக் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னே விரல் வைத்தால், அந்த மெல்லிய தசைக்கு அப்பால் கண்குழி. நாய் வாயைத் திறக்கும்போது கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை முன்னோக்கி நகர்ந்து, கண்ணுக்குப் பின்னுள்ள பொருள்களை நெருக்குகிறது. அங்கே சீழ் கட்டியிருந்தால் நாய் அலறிவிடும். வாயைத் திறக்கவே விடாது. எலும்புச் சிம்போ, குச்சியோ, புல்லின் கூர்முள்ளோ வாய் வழியே குத்தி உள்ளே புகுந்து சீழ் வைப்பது உண்டு. அது இரண்டு மூன்று நாட்களில் வேகமாக வரும், காய்ச்சல் இருக்கும், உண்ணாது. ஆனால் பல்லுக்குப் பின்னே கீறிச் சீழை வடித்து மருந்து கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். கட்டியோ, மெல்ல மெல்ல வளரும், தொடக்கத்தில் வலிக்காது, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே வரும், நடுவயது கடந்த நாய்களிடமே மிகுதி. நான் ஆறுதலாக எண்ணிய வலியின்மையே மருத்துவருக்குக் கவலை தந்தது. நல்ல அறிகுறி என்று நாம் நினைப்பது அறிந்தவன் கண்ணுக்குத் தீய அறிகுறியாக இருப்பதை அன்று கண்டேன்.

இரு கண்களும் ஒருசேர முன்தள்ளினால் வேறு எண்ண வேண்டும் என்றார். இளம் நாய்களில், கண்ணை அசைக்கும் தசைகளையும் மெல்லும் தசைகளையும் உடலின் காப்பு ஆற்றலே பகையாக எண்ணித் தாக்கி வீங்கச் செய்யும் நோய் உண்டாம். அதற்குக் கத்தி வேண்டியதில்லை, மாத்திரை போதும்.

அதன்பின் அவர் செய்தது என்னை மிகவும் கவர்ந்தது. சிறு பஞ்சு இழை ஒன்றை மணியின் வலது மூக்குத் துளையின் முன் பிடித்தார். மூச்சுக்கு மூச்சு இழை அசைந்தது. இடது துளையின் முன் பிடித்தார். அசையவில்லை. காசு செலவில்லாத ஒரு கருவி, கண்ணுக்குப் பின்னுள்ள நோய் மூக்கிலும் இருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது. கண்குழிக்கும் மூக்கறைக்கும் இடையே உள்ள எலும்பு தாள்போல் மெல்லியது. மூக்கில் பிறந்த கட்டி அந்த எலும்பை அரித்துக்கொண்டு கண்குழிக்குள் புகுவது நாய்களிடம் காணப்படும் வழிதான்.

"கட்டி என்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"நான் இன்னும் பெயர் சொல்லவில்லை, ஐயா. முதலில் இடத்தைத் தேடுகிறோம். இடம் உறுதியானால் பெயர் பின்னால் வரும். சென்னைக்குக் கொண்டுபோங்கள்" என்றார்.

கண் பார்க்கும் திசையையும் அவர் குறித்துக்கொண்டார். கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் ஒரு கூம்புபோல் பின்னே குவிகின்றன. அந்தக் கூம்புக்குள், பார்வை நரம்பை ஒட்டிக் கட்டி வளர்ந்தால் கண் நேர் முன்னே வரும். கூம்புக்கு வெளியே வளர்ந்தால், கட்டி எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கண் சாயும். மணியின் கண் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது. ஆகவே தள்ளும் பொருள் மூக்கின் பக்கம். பஞ்சு சொன்னதும் இதுவும் ஒன்றாக இருந்தன. ஒரு வழக்கில் இரு சாட்சிகள் தனித்தனியே வந்து ஒரே செய்தியைச் சொன்னால் நீதிபதி எவ்வளவு நம்புவாரோ, அவ்வளவு நம்பலாம்.

இமை முழுதும் மூட முடியாத கண் காய்ந்து புண்ணாகும் என்பதால், கண்ணை ஈரமாக வைக்கும் களிம்பு ஒன்றைக் கொடுத்தார். நந்தியாவட்டைச் சாற்றைப் பற்றி நான் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. இனி விட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து வாடகை வண்டியில் சென்னைக்குச் சென்றோம். வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டு தோன்றியது. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் அங்கமாயிற்று. அங்குள்ள மருத்துவமனையின் காத்திருப்போர் கூட்டத்தை மாணவர்கள் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த நாயை மடியில் வைத்திருப்பவரும், ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து வந்தவரும் ஒரே பலகையில் அமர்ந்திருப்பார்கள்.

என் அருகில் ஒரு தேநீர்க் கடைக்காரர் அமர்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு கறுப்புத் தெரு நாய். அதன் வலக்கண் மணியின் கண்ணைவிடப் பிதுங்கியிருந்தது. மூக்கிலிருந்து அவ்வப்போது இரத்தம் சொட்டியது.

"உங்கள் நாயா, தம்பி?" என்றேன்.

"கடை வாசலில் படுத்திருக்கும், சார். எனக்கென்று யார் இருக்கிறார்கள், அதற்கென்று யார் இருக்கிறார்கள்" என்றார்.

இரண்டு நாய்களையும் ஒப்பிட்டு, அவருடையது பிழைக்காது, நம்முடையது ஒருவேளை பிழைக்கும் என்று என் மனம் கணக்கிட்டது. மீண்டும் அதே பிழை. பொருளைப் பார்க்குமுன் முடிவு.

முதலில் மீயொலிச் சோதனை. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை உள்ளே செலுத்தி, அது பட்டுத் திரும்புவதைப் படமாக்குவது அது. எலும்பு ஒலியைத் தடுத்துவிடும். ஆனால் கண் பெரும்பாலும் நீர்மமே ஆதலால் ஒலி அதன் வழியே தடையின்றிச் செல்லும். எனவே கண்ணே ஒரு சாளரமாகி, தனக்குப் பின்னுள்ள இருட்டறையைக் காட்டுகிறது. கண் மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விட்டால் போதும். மணி அசையாமல் நின்றது. திரையில் கண் கறுப்பு உருண்டையாகத் தெரிந்தது. அதன் பின்சுவர், வட்டமாக இருக்க வேண்டியது, ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருந்தது. சீழ் நிறைந்த குழியாக இருந்தால் பெரும்பாலும் நடுவே நீர்மம் தெரியும். இங்கே திண்மையான பொருள் தெரிந்தது.

பிறகு நுண்ணூசி. திரையைப் பார்த்துக்கொண்டே, கண்ணையும் நரம்பையும் தீண்டாமல் ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ஓரிரு துளியை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. மணியிடம் எடுத்த முதல் துளியில் இரத்தம் மட்டுமே வந்தது. இப்படி நேர்வது உண்டு என்றார்கள். நோயை அறியும் முறைகள் எல்லாம் ஒவ்வொரு முறையும் விடை சொல்வதில்லை. விடை வராததையும் விடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கறுப்பு நாயின் தகடு பேசியது. எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது, நான் ஆசிரியர் என்பதை அறிந்த மருத்துவர் ஒருவர் அந்தத் தகட்டைப் பார்க்க அழைத்தார். வட்ட வட்டமான செல்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே கிடந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் நுரைக்குமிழிபோல் தெளிந்த சிறு வட்டங்கள் வரிசையாக இருந்தன.

"இது அந்த நாயின் செல் அன்று, ஐயா" என்றார் அவர்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். விலங்கியல் படிக்கும் மாணவர்கள் கூர்ந்து கேளுங்கள்.

நாய்களிடம் ஒருவகைத் தொற்றுக் கட்டி உண்டு. பெரும்பாலும் இனச்சேர்க்கையால் பரவுவது. நோயுற்ற இடத்தை முகர்வதாலும் நக்குவதாலும் மூக்கிலும் வாயிலும் கண்ணிலும் பற்றும். தெரு நாய்கள் மிகுந்த நம் நாட்டில் இது காணப்படும் நோய்தான். ஆனால் மூக்கிலிருந்து கண்குழிக்குள் ஏறுவது அரிது. பரவுவது கிருமி அன்று. புற்றுநோய்ச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குக் குடியேறுகிறது. 1876-ஆம் ஆண்டு நொவின்ஸ்கி என்ற ருசியக் கால்நடை மருத்துவர் இக்கட்டியின் துண்டை ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு மாற்றி வளரச் செய்து காட்டினார். நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள் இருக்கும். இக்கட்டியின் செல்லில் 57 முதல் 64 வரையே இருக்கும். உலகெங்கும் உள்ள நாய்களின் இக்கட்டிகளை ஆராய்ந்தவர்கள், அவை யாவும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய செல்லின் வழிவந்தவை என்று 2019-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அந்த நாய் மாண்டு எத்தனையோ காலம் ஆயிற்று. அதன் செல் மட்டும் நாய்க்கு நாய் தாவி, அன்று ஒரு தேநீர்க் கடை வாசல் வரை வந்திருந்தது.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. பார்ப்பதற்கு இத்தனை கொடிதான இக்கட்டி, வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை சிரையில் செலுத்தினால், பெரும்பாலான நாய்களில் சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. அம்மருந்து கிடைப்பது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. ஆம், சுடுகாட்டு மல்லி என்று நம்மவர் ஒதுக்கும் அதே செடி. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டது. தமிழ்நாட்டில் பயிரிட்டு, இலையையும் வேரையும் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் இதே மருந்துதான்.

கறுப்பு நாய்க்கு நோயின் பெயர் கிடைத்துவிட்டது. மணிக்குக் கிடைக்கவில்லை. சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் நாய்க்கு மயக்க மருந்து தர வேண்டும். ராண்ட்ஜன் 1895-இல் கண்டுபிடித்த எக்ஸ் கதிர்களே இதற்கும் அடிப்படை. ஆனால் ஒரே திசையிலிருந்து எடுக்கும் படத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். சுற்றிச் சுற்றிப் பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி, கணிப்பொறியால் கணக்கிட்டு, வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்து வைத்ததுபோல் தலையின் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியே காட்டும் கருவி இது. ஹவுன்ஸ்பீல்டு என்ற ஆங்கிலப் பொறியாளர் அமைத்த கருவியால் 1971-இல் முதல் நோயாளியின் மூளை படமாயிற்று. 1979-இல் அவருக்கும் கார்மக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மென்மையான தசையையும் நரம்பையும் மூளையையும் பார்ப்பதற்கு எம்.ஆர்.ஐ. சிறந்தது, எலும்பு அரிப்பைப் பார்ப்பதற்கு சி.டி. சிறந்தது.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் மருத்துவர். வலப்பக்கம் மூக்கறைக்குள் சுருள் சுருளான மெல்லெலும்புகள் கோலம் போட்டதுபோல் தெரிந்தன. இடப்பக்கம் கோலம் அழிந்து, சாம்பல் நிறப் பொருள் ஒன்று நிரம்பியிருந்தது. கண்குழிக்கும் மூக்குக்கும் இடையே இருக்க வேண்டிய வெண்கோடு ஓரிடத்தில் இல்லை. பேத்தி அந்த இடத்தை விரலால் தொட்டாள். ஒருவரும் பேசவில்லை.

அதே மயக்கத்தில், மூக்கு வழியே ஒரு சிறு துண்டுத் திசுவை எடுத்து, பார்மலினில் இட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள். விடைக்கு ஒரு வாரம். அந்த வாரத்தில் நான் படித்ததும், மருத்துவர்களைக் கேட்டு அறிந்ததும் சில உண்டு. நாயின் கண்ணுக்குப் பின்னே தோன்றும் கட்டிகளில் பத்தில் ஒன்பது தீயவை. எலும்பில் தோன்றுவன, நார்த்திசுவில் தோன்றுவன, மூக்கிலிருந்து வருவன, நிணநீர்க் கணுக்களின் புற்றுநோய் எனப் பலவகை. நிணநீர்ப் புற்றுக்குக் கத்தியைவிட மருந்தே பயன்படும். பார்வை நரம்பின் உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா என்ற அரிய கட்டி மெதுவாக வளரும்; கண் அதிகம் பிதுங்குவதற்கு முன்பே பார்வை போய்விடும்; உடலின் வேறிடங்களுக்குப் பெரும்பாலும் பரவாது; கண்ணோடு சேர்த்து முழுதும் எடுத்துவிட முடிந்தால் நாய் நெடுநாள் வாழக்கூடும். கண்ணைச் சார்ந்த சுரப்பித் திசுவில் தோன்றும் தீங்கற்ற கட்டி ஒன்றும் உண்டு; அத்தகைய 15 நாய்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2004-இல் எழுதினார்கள். அது தொட்டால் உதிரும் சிறு சிறு உருண்டைகளாக இருப்பதால் முழுவதும் எடுப்பது கடினம், மீண்டும் வளரும், ஆனால் உயிரைக் கொல்லாது. வெளியிலிருந்து பார்த்தால் இவை அனைத்துக்கும் ஒரே முகம்: முன்தள்ளிய கண், மூலையில் ஏறிய வெளிறிய தோல். அந்தத் தோலுக்கு மூன்றாம் இமை என்று பெயர். கண்ணைப் பின்னாலிருந்து நெருக்கும் எதுவும் அதை மேலே தள்ளும்.

எட்டாம் நாள் விடை வந்தது. மூக்கறையின் சுரப்பித் திசுவில் தோன்றிய புற்றுநோய். செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டி, சிறிதும் பெரிதுமாக ஒழுங்கின்றி இருந்தன என்று சோதனைத் தாள் கூறியது.

கண்ணையும் அதன் பின்னுள்ளவற்றையும் எடுத்தாலும் மூக்கிலுள்ள வேர் நிற்கும் என்றார்கள். கதிர் மருத்துவம் சில மாதங்கள் கூட்டித் தரலாம். ஆனால் விலங்குகளுக்கு அது எளிதில் கிடைப்பதன்று. பலமுறை மயக்கம் தர வேண்டும். வலியும் வீக்கமும் தணிக்கும் மருந்தும், கண்ணுக்குக் களிம்பும் தருவதே மணிக்கு நன்மை என்று முடிவாயிற்று. நான் ஒப்பினேன். பேத்திக்கு ஒப்பவில்லை, வண்டியில் ஊர் வந்து சேரும் வரை அவள் என்னோடு பேசவில்லை.

தேநீர்க் கடைக்காரர் என் தொலைபேசி எண்ணை வாங்கியிருந்தார். ஐந்து வாரம் கழித்து அழைத்தார். நான்கு ஊசிகள் ஆகிவிட்டன என்றும், மூக்கில் இரத்தம் நின்றுவிட்டது என்றும், கண் உள்ளே போய்விட்டது என்றும், படலத்தில் பழைய புண்ணின் வெள்ளைத் தழும்பு மட்டும் நிற்கிறது என்றும் சொன்னார். "உங்கள் நாய் எப்படி, சார்?" என்று கேட்டார். இருக்கிறது, தம்பி என்றேன்.

மணி நான்கு மாதம் இருந்தது. மூன்று மாதம் நன்றாகவே இருந்தது. நாள்தோறும் நான்கு வேளை கண்ணுக்குக் களிம்பு இடுவேன்; தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். கடைசி மாதம் மூச்சு விடச் சிரமப்பட்டது, உணவைக் குறைத்தது. வலி மருந்தையும் மீறிய ஒரு நாளில், எங்கள் பக்கத்து மருத்துவரே வீட்டுக்கு வந்து, மயக்க மருந்தின் அளவைக் கூட்டி அதன் துன்பத்தை முடித்துவைத்தார். திண்ணையில், அது முதல் நாள் வந்து படுத்த அதே இடத்தில்.

அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது, நான்கு மாதமாகக் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டேன். "அந்தப் பதினாறு நாட்களை நான் வீணாக்காமல் முதல் நாளே கொண்டுவந்திருந்தால்?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த நோயில் பெரிதாக மாறியிராது, ஐயா. ஆனால் அது இந்த நோய்தான் என்பது அன்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சீழாக இருந்திருந்தால் அந்தப் பதினாறு நாளில் கண் போயிருக்கும்" என்றார்.

புறப்படும்போது, மேலிருந்து பார்த்த மணியின் தலையைப் பேத்தி வரைந்து வைத்திருந்த படத்தைக் கேட்டு வாங்கிச் சென்றார். அது இப்போது அவருடைய மருந்தகச் சுவரில் இருக்கிறது.